மீண்டும் நடக்கக் கற்றல்

மனிதன் நடக்கக் கற்பது வாழ்வில் ஒருமுறைதான் என்பது பொதுவான எண்ணம். தாயின் விரலைப் பற்றித் தள்ளாடிய நாட்களை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நடக்கத் தெரியும் என்பதே மறந்துபோகுமளவிற்கு நடை உடலோடு ஒன்றிவிடுகிறது. ஆதலின் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம், "உங்கள் இடது காலை முன்னே வையுங்கள்" என்று ஓர் ஆசிரியை கூறும்போது அவர் திகைத்து நிற்பது வேடிக்கையாகவே தோன்றும். எந்தக் கால் இடது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதனை முன்னே வைப்பதும் புதிய செயலன்று. ஆனால் எதிரே இன்னொருவர் அவர் தோளருகிற் கைவைத்து நிற்கிறார். கால் வைக்கவேண்டிய இடத்தில் அந்த இன்னொருவரின் கால் இருக்கிறது. அது விலகினாலன்றி இது செல்ல இயலாது. இது வருகிறது என்ற குறிப்புக் கிடைத்தாலன்றி அது விலகாது. அரை நூற்றாண்டுக்கால நடை இந்த ஓரடியில் நின்றுபோகிறது.

மேலைத்தேயத்திற் போல்றூம் நடனம் என வழங்கும் சோடி நடனத்தைக் கற்கத் தொடங்குவோர் யாவருக்கும் நேரும் அனுபவம் இது. வல்லவர்கள் ஆடும் ஆட்டத்தின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். ஆடத் தெரியாத இருவர் ஒருவர் காலை மற்றவர் மிதித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தொடக்க வாரங்களைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும் இந்நடனம் மனிதருக்குக் கற்பிக்கக்கூடியவற்றுட் பெரும்பகுதி அவ்வாரங்களிலேயே கற்பிக்கப்பட்டு விடுகிறது எனலாம்.

இருவர் எதிரெதிரே அணைத்து நின்று ஆடும் முறை, ஐரோப்பிய உயர்குடியினரின் மன்றுகளிற் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாகும். அதற்கு முன்னர் அரண்மனைகளிற் பெருவழக்காயிருந்த மினுவே நடனத்தில் ஆணும் பெண்ணும் கைகளை மாத்திரமே தொட்டனர். அவர்களது ஆட்டம் அவையை நோக்கியே அமைந்தது. தென்ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் நாட்டுப்புற மக்கள் சுழன்று ஆடிய ஆட்டங்களிலிருந்து வோல்ற்ஸ் தோன்றியது. 1814ஆம் ஆண்டிலும் 1815ஆம் ஆண்டிலும் நெப்போலியனுக்குப் பிந்திய ஐரோப்பாவின் எல்லைகளை வகுக்க வியன்னாவிற் கூடிய அரசர்களும் அமைச்சர்களும் பகலில் வாதிட்டு இரவில் ஆடினர். வோல்ற்சின் புகழ் அவர்களோடு பல தலைநகரங்களுக்கும் சென்றது. கவிஞர் பைரன் 1813இல் அதனை எள்ளிப் பாடினார். 1816இல் இங்கிலாந்தின் அரச விருந்தொன்றில் அது ஆடப்பட்டபோது, இலண்டன் "ரைம்ஸ்" பத்திரிகை அதனை நாணமற்ற அந்நிய ஆட்டமெனக் கண்டித்து எழுதியது.

இக்கண்டனத்தின் காரணம் உடல்களின் நெருக்கம் என்பது வெளிப்படை. ஆயினும் இன்னொரு காரணமும் அதனுள் அடங்கியிருந்ததாகக் கொள்ளலாம். வோல்ற்ஸ் ஆடும் இருவர் அவைக்கு முதுகு காட்டுகின்றனர். அவர்களது கவனம் ஒருவர்மேல் ஒருவருக்கே உரியதாகிறது. பார்ப்போரை நோக்காது தமக்குள்ளே ஓர் உலகை வகுத்துக்கொண்டு சுழலும் இருவரைச் சமூகம் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை.

முதல் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த புதிய இசை ஆட்ட மண்டபங்களை நிறைத்தது. 1919இல் இலண்டனில் ஹமர்சிமித் பலே என்னும் பெருமண்டபம் திறக்கப்பட்டது. 1920இற் பிளக்பூல் நகரில் நடனவிழா தொடங்கிற்று. அவரவர் மனம்போல ஆடிய ஆட்டங்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமெனக் கருதிய ஆங்கிலேய நடன ஆசிரியர்கள் அதே 1920இல் இலண்டனிற் கூடி ஆராய்ந்தனர். 1904இல் நிறுவப்பெற்றிருந்த நடன ஆசிரியர் சங்கம் 1924இற் போல்றூம் நடனத்துக்கெனத் தனிப்பிரிவொன்றை அமைத்தது. 1922இல் உலகப் போட்டியில் வென்ற விக்ரர் சில்வெஸ்ரர் 1927இல் வெளியிட்ட பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது. அவரது இசைக்குழு, தாளவேகம் சிறிதும் பிசகாத இசைத்தட்டுகளை 1935 முதல் வெளியிட்டது. வோல்ற்சுக்கு நிமிடத்துக்கு முப்பது தாளக்கட்டுகளளவு, ஒவ்வொரு கட்டுக்கும் மூன்று எண்ணிக்கை என்றவாறு வேகம் வரையறுக்கப்பட்டது. 1941 முதல் அவர் பிபிசி வானொலியில் நடனம் கற்பித்தார். போர்க்கால இங்கிலாந்தில், கேட்போர் அடவுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வீட்டு அறைகளில் ஆடிப் பார்த்தனர்.

இவ்வொழுங்கின் பயன் பெரிது. அரண்மனைக்கோ செல்வர் மனைக்கோ போயறியாத எழுதுவினைஞனும் கடைப்பெண்ணும் ஒரே இலக்கணத்தைக் கற்றமையால், முன்பின் அறியாத இருவர் ஒரு மண்டபத்திற் சந்தித்து உடனே சேர்ந்து ஆட முடிந்தது. ஆயினும் எழுத்திலும் படத்திலும் வகுக்கப்பட்ட இலக்கணத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்கரான ஆர்தர் மறே, பாதங்களின் வடிவத்தைத் தாளில் அச்சிட்டுத் தபால்மூலம் நடனம் கற்பித்துப் பெரும்பொருள் ஈட்டினார். அத்தாளைத் தரையில் விரித்து அதன்மேற் கால்வைத்து எவரும் பழகலாம். தாள் காலுக்கு வழிகாட்டும். எதிரே நிற்கும் மனிதரைக் காட்டாது. தொடக்கநிலை மாணவரின் துன்பம் முழுவதும் தாள் காட்டாத அப்பகுதியிலேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் சிறுநகரமொன்றில், தேவாலயத்தை அடுத்திருந்த பொதுமண்டபத்திற் செவ்வாய்க்கிழமை தோறும் நடந்த வகுப்பில் ஒரு தம்பதியர் சேர்ந்தனர். கணவர் தபாற்சேவகர், முப்பது ஆண்டுகள் வீதி வீதியாக நடந்தே கடிதம் விநியோகித்தவர். மனைவி தாதி, நோயுற்றோரைத் தாங்கி நடத்திப் பழகியவர். பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். வீட்டிற் பேச்சுக் குறைந்து, நீர்வரி, கூரை ஒழுக்கு, மறுநாட் கடமைமுறை என்னும் அளவில் வந்து நின்றிருந்தது. பிபிசி 2004 முதல் ஒளிபரப்பி வரும் நடனப்போட்டியைச் சனிக்கிழமை இரவுகளில் மனைவி விருப்போடு பார்ப்பதுண்டு. வகுப்பில் சேரலாம் என்ற எண்ணம் அவருடையது. கணவர் மறுக்கவில்லை, மறுப்பதற்கு ஒரு காரணம் அவருக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை.

முதல் வகுப்பில் எல்லோரும் தனித்தனியே நின்று பழகினர். வோல்ற்சின் தொடக்கப் பாடம் தரையில் ஒரு சதுரம் வரைவது போன்றது. இடது கால் முன்னே, வலது கால் பக்கத்தே, இடது கால் வலதோடு சேரும். பின்னர் வலது கால் பின்னே, இடது கால் பக்கத்தே, வலது கால் இடதோடு சேரும். எண்ணிக்கை மூன்று மூன்றாக ஆறு. எதிரே நிற்பவர்க்கு இதன் மறுதலை: அவர் வலது காலைப் பின்னே எடுத்துத் தொடங்குவார். தபாற்சேவகர் இதனை அரைமணி நேரத்திற் கற்றுக்கொண்டார். மனைவி அதற்கு முன்னரே கற்றுவிட்டார். இத்துணை எளிதா என இருவரும் வியந்தனர்.

பரதம் பயிலும் சிறுமியும் இவ்வாறுதான் தொடங்குகிறாள். தட்டுக்கழியின் ஒலிக்கு இசையத் தட்டடவை மூன்று காலங்களிலும் பழகுகிறாள். அவள் பிழைவிட்டால் அந்தப் பிழை அவளுடையது. திருத்தம் பெற்றால் அந்தத் திருத்தமும் அவளுடையதே. குழுவாக ஆடும் கோலாட்டத்திற்கூடப் பக்கத்தில் நிற்பவர் பிந்தினால் கோல் வெறுங்காற்றில் வீசுப்படும். தன் கால் தன்னிடமே இருக்கும். சோடி நடனத்தில் இந்த எல்லை அழிந்துவிடுகிறது. அங்கு நிகழும் பிழை யாருடையது என்று ஆடுவோர் இருவருக்குமே தெரிவதில்லை.

இரண்டாம் வகுப்பில் ஆசிரியை இருவரையும் சேர்த்து நிறுத்தினார். கணவரின் வலது கை மனைவியின் இடது தோட்பட்டை எலும்பின்மேல். மனைவியின் இடது கை கணவரின் மேற்கையின்மேல். மற்றைக் கைகள் பக்கவாட்டில் உயர்ந்து ஒன்றையொன்று பற்றியவாறு. இருவரும் நேருக்கு நேராக நில்லாது, ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சற்றே இடப்புறம் விலகி நிற்கவேண்டும். அப்போதுதான் ஒருவரது வலது கால் மற்றவரின் இரு கால்களுக்கு இடையே செல்ல வழி பிறக்கும். இசை தொடங்கிற்று. தனியே நின்றபோது பிழையின்றி வந்த சதுரம் முதலடியிலேயே உடைந்தது. கணவர் குனிந்து கால்களைப் பார்த்தார். அவர் தலை தாழ்ந்ததால் மனைவியின் உடல் பின்னே சாய்ந்தது. அவர் கையால் தள்ளினார். தள்ளிய கைக்கு எதிராக மனைவியின் தோள் இறுகியது. அடுத்த அடி யாதென அறிந்திருந்த மனைவி, கணவர் தொடங்குமுன் தாமே தொடங்கினார். முழங்காலும் முழங்காலும் மோதின.

அன்று வீடு திரும்புகையில் கணவர் கூறியது: மனைவி முந்திக்கொள்கிறார். மனைவி கூறியது: கணவர் எங்கே செல்வதென்று தெரிவிப்பதேயில்லை. இரண்டும் உண்மை. இரண்டும் அந்த வீட்டில் நடனத்துக்கு முன்னரே பலமுறை சொல்லப்பட்ட சொற்கள் என்பதை இருவரும் உணர்ந்து, சிறிது நேரம் பேசாது நடந்தனர்.

தொடக்க வகுப்புகளில் ஆசிரியர்கள் கையாளும் வழக்கமொன்று உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரு வரிசையினர் அடுத்தவரிடம் நகர்ந்து துணையை மாற்றிக்கொள்ளுமாறு பணிப்பர். புதியவர்களுக்கு இது கூச்சத்தைத் தரும்; தம்பதியராக வருவோர் சிலர் மறுப்பதுமுண்டு. ஆனால் இவ்வழக்கத்திற் பெரியதொரு பாடம் உண்டு. தபாற்சேவகர் ஓர் இளம் பெண்ணின் காலை மிதித்தபோது உடனே மன்னிப்புக் கேட்டார். அப்பெண்ணும் தன்னுடைய பிழைதான் என்றாள். இருவரும் சிரித்து மீண்டும் தொடங்கினர். நான்காவது துணையோடு அவர் சதுரத்தை முழுமையாக ஆடி முடித்தார். மண்டபத்தின் மறுகோடியில் அவர் மனைவி, வயது முதிர்ந்த ஒருவரோடு இலகுவாக ஆடிக்கொண்டிருந்தார். சுற்று முடிந்து கணவனும் மனைவியும் மறுபடி சேர்ந்ததும் தோள்கள் பழையபடி இறுகின.

பிறரிடம் காட்டும் பொறுமையை மனிதர் தம்மவரிடம் காட்டுவதில்லை என்பது புதிய செய்தியன்று. முதுமொழிகள் பலவும் கூறுவதே. ஆயினும் அறிவுரையாகக் கேட்பது வேறு. ஒரே மண்டபத்தில், ஒரே இசைக்கு, பத்து நிமிட இடைவெளியில் தம் தோளிலேயே உணர்வது வேறு. அயலாரோடு ஆடும்போது அவர்கள் கவனித்தனர்; தம்முள் ஆடும்போது கவனிக்கத் தேவையில்லை என எண்ணினர். இருபத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்பது தெரிந்ததுதானே என்ற துணிபு இருவரிடமும் இருந்தது. அத்துணிபே அவர்களை மோதவைத்தது.

வழிநடத்துதல் என்பதன் பொருளைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்கின்றனர். வழிநடத்துபவர் கட்டளையிடுபவர், பின்தொடர்பவர் கீழ்ப்படிபவர் என்பது பொதுவான கருத்து. சொல்லின் அமைப்பும் அதற்கு இடமளிக்கிறது. தேர்ந்த ஆசிரியர் எவரும் இக்கருத்தை ஏற்பதில்லை. வழிநடத்துபவரின் கை எதையும் செய்வதில்லை. அவர் தம் உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குத் தெளிவாக மாற்றுவதே அவர் தரும் செய்தி. முன்னே அடிவைக்கு முன்னர் அவரது நெஞ்சும் இடையும் நகரத் தொடங்குகின்றன. அந்த நகர்வு, அணைத்த கைகளின் வழியாக எதிரிலிருப்பவரின் முதுகை அடைகிறது. அவர் அதனைக் கேட்டுத் தம் அடியைத் தாமே எடுத்து வைக்கிறார். அவர் அடிவைத்து முடியும்வரை வழிநடத்துபவர் காத்திருக்க வேண்டும். எனவே வழிநடத்துபவரும் தொடர்ந்து கேட்டுக்கொண்டேயிருக்கிறார். கேளாத ஒருவர் தள்ளலாம், இழுக்கலாம், ஆடமுடியாது.

பின்தொடர்பவரின் கடமை இதனினும் அரியது. மண்டபத்திற் சோடிகள் யாவும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிற் சுற்றிச்செல்வது மரபு. வழிநடத்துபவர் பெரும்பாலும் முன்னோக்கிச் செல்ல, பின்தொடர்பவர் பெரும்பாலும் பின்னோக்கியே செல்கிறார். தாம் செல்லுமிடத்தை அவர் காண்பதில்லை. பின்னால் இன்னொரு சோடி வருகிறதா, சுவர் நெருங்குகிறதா என்பதை மற்றவரின் கண்களை நம்பியே அறியவேண்டும். நோயாளரைத் தாங்கி நடத்திய தாதிக்கு இது பெருந்துன்பமாயிருந்தது. பிறர் விழாமற் காப்பதே அவர் தொழில். தம்மை ஒருவர் காப்பார் என எண்ணிக் காலைப் பின்னே எடுத்துவைக்க அவர் உடல் இணங்கவில்லை. ஒவ்வோரடியிலும் தலையைத் திருப்பிப் பின்னே பார்த்தார். கணவரை நம்பவில்லையா என ஆசிரியை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்புவதாகவே பதில் வந்திருக்கும்.

ஆறாம் வாரத்தில் இருவரும் இனி வருவதில்லை என்றே தமக்குள் முடிவு செய்திருந்தனர். முன்னரே கட்டணம் செலுத்தியிருந்தமையால் மாத்திரம் அன்று சென்றனர். ஆசிரியை அன்று எல்லோரையும் நிலைமாறி நிற்கப் பணித்தார். வழிநடத்தியோர் பின்தொடர வேண்டும். பின்தொடர்ந்தோர் வழிநடத்த வேண்டும். ஆண்கள் சிலர் சிரித்தனர். தபாற்சேவகர் தம் மனைவியின் மேற்கையிற் கைவைத்து, வலது காலைப் பின்னே எடுத்தார்.

வீதிகளைத் தம் பாதங்களால் அறிந்த அம்மனிதர், தம் முதுகுப்புறம் எத்துணை இருண்டது என்பதை அன்றுதான் அறிந்தார். இரண்டடிக்குள் அவர் தோள் இறுகியது. அடுத்தது யாதென ஊகித்து முந்தினார். ஐந்து வாரங்களாகத் தாம் குறைகூறிய அதே பிழையைத் தாமே செய்தார். மனைவிக்கோ வேறொரு செய்தி கிடைத்தது. மண்டபத்திற் சுழலும் பதினைந்து சோடிகளுக்கிடையே வழி பார்க்க வேண்டும். இசையைக் கேட்க வேண்டும். அடுத்த அடவை முன்னரே எண்ண வேண்டும். எதிரிலிருப்பவரைக் காக்க வேண்டும். இவை யாவும் ஒருங்கே நிகழுமிடத்து, எங்கே செல்வதென்று தெளிவாகத் தெரிவிக்க நேரமேயில்லை. மூன்று நிமிடப் பாடல் முடிந்தபோது இருவரும் களைத்திருந்தனர். பழைய நிலைக்கு மீண்டதும் கணவர், பின்னால் எவருமில்லை என மெல்லச் சொல்லிவிட்டுத் தம் முதலடியை எடுத்தார். மனைவி அன்று தலையைத் திருப்பவில்லை.

நிலைமாறி ஆடுவது இன்று வகுப்பறைப் பயிற்சியளவில் நின்றுவிடவில்லை. நீண்டகாலம் போட்டி விதிகள் சோடியென்பதை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எனவே வரையறுத்தன. அமெரிக்காவின் தேசிய நடனப் பேரவை 2019இல் அவ்விதியை மாற்றி, சோடியென்பது வழிநடத்துபவர் ஒருவரும் பின்தொடர்பவர் ஒருவரும் என வரையறுத்தது. பிபிசியின் போட்டியிலும் 2020இற் குத்துச்சண்டை வீராங்கனை நிக்கொலா அடம்ஸ், கற்யா ஜோன்ஸ் என்னும் பெண்ணோடு சோடியாக ஆடினார். இம்மாற்றங்களை வரவேற்போரும் உளர். மரபு சிதைகிறதென வருந்துவோரும் உளர். ஆயினும் தொடக்கநிலை மாணவர் எவரும் இவ்வாதத்தின் உட்பொருளைத் தம் உடலால் அறிவர். வழிநடத்துதலும் பின்தொடர்தலும் பிறப்பால் அமைவன அல்ல. இரண்டும் கற்றே பெறவேண்டிய திறன்கள். ஒன்றை மாத்திரம் கற்றவர் மற்றதன் சுமையை அறியார்.

சோடி நடனத்தை வாழ்வின் உருவகமாகக் காட்டி, இல்லறத்தின் சிக்கல்களெல்லாம் ஒரு வோல்ற்சோடு தீர்ந்துவிடும் என்று கூறுவது மிகையாகும். அத்தம்பதியர் வல்ல ஆடலர் ஆகவில்லை. மூன்றாம் எண்ணிக்கையின் முடிவிற் குதிகால் தாழ்ந்து, அடுத்த கட்டில் மெல்ல உயரும் வோல்ற்சின் ஏற்ற இறக்கம் கணவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. டாங்கோவில் இருவரும் மோதினர். வேகம் மிகுந்த வியன்னா வோல்ற்சை அவர்கள் முயன்று பார்க்கவேயில்லை. வீட்டில் நீர்வரியும் கூரை ஒழுக்கும் இருந்தபடியே இருந்தன.

ஆனால் ஒரு வேறுபாடு நேர்ந்தது. பிழை நிகழுமிடத்து, அது யாருடையது என்று தேடும் வழக்கம் அவர்களிடம் சிறிது சிறிதாகக் குறைந்தது. தேடிப் பயனில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். முந்தியவர் ஏன் முந்தினார்? தெளிவான குறிப்பு வராமையால். குறிப்பு ஏன் தெளிவாக வரவில்லை? எதிரிலிருப்பவர் இறுகி நின்றமையால். அவர் ஏன் இறுகினார்? சென்ற அடியிற் கால் மிதிபட்டமையால். இவ்வாறு பின்னோக்கித் தேடிச்சென்றால் இசை முடிந்துவிடும். ஆடுவோர்க்குத் தெரிந்த வழி ஒன்றேயாகும்: நின்று, மூச்செடுத்து, அடுத்த தாளக்கட்டின் முதல் எண்ணிக்கைக்குக் காத்திருந்து, மீண்டும் தொடங்குதல். இசை எவருக்காகவும் நிற்பதில்லை. எனினும் ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் ஒருமுறை அது தொடக்கத்துக்கு வந்துசேர்கிறது. பிழைவிட்டவர் மறுபடி நுழைவதற்கான வாயில் அதில் எப்போதும் திறந்தேயிருக்கிறது.

பருவ இறுதியில் மாணவர்க்கென நடந்த ஆடல் மாலையில் அவர்கள் வோல்ற்ஸ் ஒன்றை ஆடினர். மண்டபத்தை ஒருமுறை முழுமையாகச் சுற்றிவந்தனர். இரண்டிடங்களில் நின்று மறுபடி தொடங்கினர். பார்த்தோர் எவரும் அதனைப் பெரிதாகக் கருதியிருக்கமாட்டார். ஐம்பது ஆண்டுகள் நடந்த ஒருவர், இன்னொருவர்க்கு இடம்விட்டு நடக்கக் கற்றிருந்தார். ஐம்பது ஆண்டுகள் பிறரைத் தாங்கிய ஒருவர், முன்னே முகம் வைத்துப் பின்னோக்கி நடக்கக் கற்றிருந்தார். அதற்குப் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள் தேவைப்பட்டன.